ஆற்றுப்படையும் அயல்நாட்டுக் குடியேற்றமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விசாவைப் பற்றிய பேச்சுக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். தம் திறமையை மதிப்பவர் எங்கே இருக்கிறார் என்று தேடி ஊர்விட்டு ஊர் சென்றவர்களின் வாழ்வே சங்கப் பாடல்களில் ஒரு பெரும்பகுதி என்பதை எண்ணினால் அந்த ஐயம் நீங்கிவிடும். பாணரும் கூத்தரும் பொருநரும் விறலியரும் யாழையும் முழவையும் சுமந்து மலை ஏறினர். இன்று கள்ளக்குறிச்சி வட்டாரத்து இளைஞர் சான்றிதழ்களைச் சுமந்து விமானம் ஏற விரும்புகின்றனர். அன்று அவர்கள் தேடியது புரவலரை. இன்று இவர்கள் தேடுவதாகச் சொல்லிக்கொள்வது 'ஸ்பான்சர்' என்பவரை. இவ்விரு சொற்களும் ஒன்றல்ல என்பதே இவ்வுரையின் பொருள்.

கள்ளக்குறிச்சி 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவலூரே மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர். கபிலர் அவனை நோக்கிப் பாடிய பாடல் புறநானூற்றில் 121-ஆவதாக உள்ளது. கொடுப்பது எளிது, வந்தவருடைய தகுதியை வரிசை அறிந்து மதிப்பதே அரிது, ஆகவே புலவர் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதைக் கைவிடுக என்பது அதன் கருத்து. கொடையை விட மதிப்பீடு கடினமானது என்று ஒரு புலவர் மன்னனுக்கு எடுத்துரைத்த ஊர் இது.

அந்த வரிசை அறிதலைத்தான் ஆஸ்திரேலியா இன்று எண்களாக்கி வைத்திருக்கிறது. திறன்மிகு குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது 65 மதிப்பெண் பெற்றாக வேண்டும். வயது, கல்வி, பணி அனுபவம், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. 25 முதல் 32 வரையுள்ள வயதுக்கு 30. துணைவியோ கணவரோ தகுதியும் உரிய வயதும் ஆங்கிலமும் உடையவரானால் 10. விறலியின் திறமையும் கணக்கில் வருகிறது என்பது மகிழத்தக்கதே. இவற்றோடு ஒரு மாநில அரசு பரிந்துரைத்தால் 190 என்னும் நிரந்தர விசாவுக்கு 5 மதிப்பெண்ணும், வட்டாரப் பகுதிகளுக்குரிய 491 என்னும் தற்காலிக விசாவுக்கு 15 மதிப்பெண்ணும் கூடும். 50 மதிப்பெண்ணோடு வாயிலில் நிற்பவரை 65-க்கு உயர்த்துவது இந்த வட்டாரப் பரிந்துரையே. ஆயினும் 65 என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே, அழைப்புக்கு உறுதியன்று.

இங்கேதான் சொல் குழப்பம் விளைகிறது. 2012-க்கு முன்பு இருந்த விசாக்களின் பெயரிலேயே 'ஸ்பான்சர்டு' என்னும் சொல் இருந்தது. மக்கள் நாவில் அது அப்படியே தங்கிவிட்டது. 'அரசே ஸ்பான்சர் செய்கிறது' என்று தரகர் ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் தோன்றுவது பாரியும் காரியும்தான். வேலை, வீடு, பயணச் செலவு அனைத்தையும் அந்த அரசு தரும் என்று நம்பி, காணியை அடகு வைக்கவும் குடும்பங்கள் துணிகின்றன. உண்மை வேறு. மாநில அரசு செய்வது பரிந்துரை மட்டுமே. அது வேலை தருவதில்லை; வழிச்செலவு தருவதில்லை; விசாவையும் தருவதில்லை. விசாவைத் தருவதும் மறுப்பதும் கூட்டாட்சி அரசின் அதிகாரம். 491-இல் ஸ்பான்சர் என்னும் சொல் முறைப்படி இன்று உரியது, அங்குள்ள வட்டாரப் பகுதியில் வாழும் நெருங்கிய உறவினருக்கே.

வழியின் ஒழுங்கையும் அறிதல் நலம். தொழில் முதலில் பட்டியலில் இருக்க வேண்டும். அத்தொழிலுக்குரிய மதிப்பீட்டு நிறுவனம் திறமையைச் சான்றளிக்க வேண்டும். பின்னர் விருப்பத்தைப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். மாநிலங்கள் தத்தம் தேவைக்கேற்ப விதிகளை வகுக்கின்றன. ஆண்டுதோறும் தமக்கு ஒதுக்கப்பட்ட இடங்களுக்குள்தான் பரிந்துரைக்கின்றன. அழைப்பு வரும்போது வயது 45-ஐ எட்டியிருக்கக் கூடாது. வந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 491 விசா ஐந்தாண்டுக்குரியது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மாநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து உழைத்து, மூன்று ஆண்டுகளுக்குரிய வருமானவரி மதிப்பீடுகளைக் காட்டிய பின்னரே நிரந்தர வசிப்புரிமைக்கான 191 விசாவைக் கேட்க இயலும். கொடுப்பவர் தம் வட்டாரத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே கொடுக்கிறார். இது கொடையன்று, உடன்பாடு. கனடாவின் மாகாணப் பரிந்துரைத் திட்டமும் இவ்வகையதே. அங்கே விரைவு நுழைவு முறையில் மாகாணத்தின் பரிந்துரைக்கு 600 மதிப்பெண் சேர்கிறது.

அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தம் கல்வியைக் கண்டு, அளந்து, அன்போடு தருவது தினையளவாயினும் போதும் என்றார். இன்றைய முறையிலோ எவரும் எவரையும் காண்பதில்லை. தாள்களே முகம். எனவே தாளில் வராத திறமை இல்லாத திறமையாகவே ஆகிவிடுகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. சிற்பத்துக்குச் சான்று வந்துவிட்டது. உளியைப் பிடித்த கைக்குச் சான்று உண்டா? அரிசி ஆலையிலும் லேத் பட்டறையிலும் பத்தாண்டு உழைத்தவருக்குக் கூலி கையில் தரப்பட்டிருந்தால், பணியின் தன்மையையும் நாள்களையும் ஊதியத்தையும் மெய்ப்பிக்க அவரிடம் ஒன்றும் இராது.

கல்வராயன் மலையை நோக்கினால் இந்நிலை இன்னும் ஆழமாகத் தெரியும். காஞ்சியிலிருந்து புறப்பட்டு மலையேறியவர் தம் முன்னோர் என்பது அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபு. அவர்களும் ஒரு காலத்தில் குடிபெயர்ந்தவர்களே. 1976 வரை அம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பின்னரே அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கடுக்காயின் பதமும் தேனடையின் பருவமும் காட்டின் தடங்களும் அறிந்த மக்களின் அறிவுக்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை. வெள்ளிமலையிலிருந்து ஒரு மாணவி செவிலியராகி அயல்நாட்டை எண்ண வேண்டுமானால், அதற்கு முன் சாதிச்சான்று முதல் பட்டச்சான்று வரை எத்தனை கணவாய்களைக் கடக்க வேண்டும்! அயல்நாட்டின் வரிசை அறிதலைப் பற்றிப் பேசுவோர், உள்நாட்டில் வரிசை அறியப்படாதவர்களையும் நினைத்தல் வேண்டும்.

இப்பட்டியலில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி. ஆஸ்திரேலியாவின் சமூக மொழித் தேர்வில் தமிழ் இடம்பெற்றுள்ளது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் உரையாடலை மாற்றித் தந்து தேர்ச்சி பெறுபவர் 5 மதிப்பெண் பெறுவர். 190 விசாவுக்கு ஒரு மாநில அரசின் பரிந்துரைக்கு என்ன எண்ணோ, தமிழுக்கும் அதே எண். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வழங்கும் சொற்களுக்குத் தமிழ் தெரியாமல் இத்தேர்வில் தடுமாறுவோர், பள்ளியில் தமிழை ஒதுக்கியதன் விலையை அங்கே உணர்வர்.

நிறைவாக, கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. கல்வராயனுக்கு வடக்கே செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பரிசிலின் பெருமையை மட்டும் கூறவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் இடம் எது, தினைப்புனத்தாரின் கவண்கல் எப்பக்கம் பாயும், வழுக்கும் பாறை எது என்று ஒவ்வொன்றாக எச்சரித்த பின்னரே அது கூத்தரை மேலே அனுப்புகிறது. வழியில் உள்ள இடரை மறைத்து வளத்தை மட்டும் கூறுவது விளம்பரம். இரண்டையும் கூறுவதே ஆற்றுப்படை. அயல்நாடு சென்று நிலைபெற்ற தமிழர் தம் ஊர் இளைஞருக்குப் பொருள் அனுப்பாவிட்டாலும் இவ்வழியைச் சொல்லி அனுப்புதல் வேண்டும். பதிவு பெற்ற முகவர் யார், பெறாதவர் யார். எது பரிந்துரை, எது வெறும் வாக்குறுதி. எத்தனை ஆண்டு பொறுக்க வேண்டும் என்பனவற்றைக் கூறும் புதிய ஆற்றுப்படைகள் இவ்வட்டத்துக் கவிஞர்களின் எழுதுகோலிலிருந்து பிறக்கட்டும். புரவலர்கள் மறைந்த காலத்திலும் வழிகாட்டுவோர் மறையாதிருப்பதே தமிழ் மரபுக்குப் பெருமை.