பூசண வித்தும் உஷ்ணநிலையும்



நெற்பயிரின் இலையிலே இரு முனையும் கூர்த்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தோன்றுமாயின், குலைநோய் புகுந்துவிட்டது என்பதை உழவர் அறிவர். 1919ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் பெருஞ்சேதம் விளைவித்த நோய் இதுவே. இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூசணம். ஒரு புள்ளியிலிருந்து ஓர் இரவில் பல்லாயிரம் வித்துக்கள் காற்றில் கலக்கக்கூடும். நோய் வயலுக்கு வயல் தாவுவது இந்த வித்துக்களால்தான். ஆகவே, எந்த உஷ்ணநிலையில் வித்துக்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன என்னும் கேள்வி, அடுத்த வயலின் விளைச்சலைப் பற்றிய கேள்வியாகும்.

இதற்கு விடை காணும் முறை எளியது. ஓட்ஸ் மாவையும், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் என்னும் பசையையும் நீரில் காய்ச்சிக் கிருமி நீக்கி, கண்ணாடித் தட்டுக்களில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். அதன் நடுவே பூசணத்தின் சிறு துணுக்கை இட்டு, 15, 20, 25, 30, 35 டிகிரி செல்ஸியஸ் என வெவ்வேறு வெப்பத்தில் உள்ள பெட்டிகளில் வைக்கிறார்கள். பூசணம் எத்தனை மில்லிமீட்டர் படர்ந்தது என்று அளப்பது ஒரு கணக்கு. வித்துக்களைத் தூய நீரில் கழுவி எடுத்து, நுண்பெருக்கியின் கீழ் எண்ணுவது மற்றொரு கணக்கு. இவ்விரு கணக்குகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வளர்ச்சிக்கு வேண்டிய நிலைகள் வேறு, இனப்பெருக்கத்துக்கு வேண்டிய நிலைகள் வேறு என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் கியோர்க் கிளெப்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்துக் காட்டினார். பூசணம் படரும் வெப்ப எல்லை பொதுவாக அகன்றது. வித்தீனும் எல்லை அதனினும் குறுகியது.

குலைநோய்ப் பூசணம் 28 டிகிரியை ஒட்டி நன்கு வளர்கிறது. நோயுற்ற இலைகளை ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு வெப்பத்தில் வைத்து நாள்தோறும் எண்ணிய போது, 28 டிகிரியில் வித்துக்கள் விரைந்து பெருகின. ஆனால் சில நாட்களிலேயே குறையலாயின. 16 முதல் 24 டிகிரி வரை வைத்தவற்றிலோ, வித்தீனுதல் மெல்லத் தொடங்கினும் இரண்டு வாரம் வரை ஓயவில்லை. ஒரே நாளில் எண்ணி முடித்தவர், வெப்பமான பெட்டியே அதிக ஆபத்தானது என்று முடிவு கட்டியிருப்பார். தொடர்ந்து எண்ணியவருக்கே, குளிர்ந்த இரவுகள் நோயின் ஊற்றை வற்றாமல் வைத்திருக்கும் என்பது விளங்கும்.

எல்லாப் பயிர்நோய்க் கிருமிகளுக்கும் இக்கணக்குப் பொருந்துமோ எனில், பொருந்தாது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த பின்பருவக் கருகல் நோய் குளிர் விரும்புவது. அதன் வித்துப்பை 12 டிகிரியை ஒட்டிய குளிர்நீரில் பல நீந்தும் வித்துக்களாகப் பிரிகிறது. 24 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலோ பெரும்பாலும் பிரியாமல், தானே ஒற்றை முளையாக நீள்கிறது. ஒன்று பலவாவதும் ஒன்றாகவே நிற்பதும் உஷ்ணநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பெட்டியின் வெப்பம் மாறாதது. வயலின் வெப்பமோ பகலில் ஏறி இரவில் இறங்குவது. பனியும் மழையும் மேகமூட்டமும் வயலில் உண்டு. ஆதலால் ஆய்வுக்கூட எண்களை வானிலைக் குறிப்புகளோடு இணைத்தே பயன்படுத்த வேண்டும். இரவு வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நீடித்தால், நம் நாட்டில் குலைநோய்க்கு அது ஏற்ற காலம். அந்நாட்களில் உழவர் காலையில் வயலைச் சுற்றி வந்து இலைகளைக் கவனிப்பாராக. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இடாதிருப்பாராக. நோய் கண்டால் உடனே வேளாண்மை அலுவலரை அணுகுவது நலம். காலமறிந்து தெளிக்கும் ஒரு மருந்து, நாள் பார்த்துத் தெளிக்கும் பல மருந்துகளின் செலவை மிச்சப்படுத்தும். கண்ணாடித் தட்டில் வித்தை எண்ணுகின்ற உழைப்பின் பயன் அதுவே.