ஐந்து வினாடியும் பதினாறு காய்களும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கணக்கைப் பார்த்ததுமே அவனுக்கு வழி தெரிஞ்சுடுது, எனக்கு அந்த மூளை இல்லைடா" என்று ஹாஸ்டலில் புலம்புகிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த செஸ் பலகையை ஐந்து வினாடி காட்டி மறைத்துவிட்டு, அப்படியே அடுக்கச் சொன்னார்கள். இருந்தவை சுமார் 25 காய்கள். மாஸ்டர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். கற்றுக்குட்டி நான்கைத்தான் வைத்தார். என்ன ஞாபகசக்தி என்று தோன்றுகிறதல்லவா? அடுத்து, காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் கற்றுக்குட்டி அளவுக்கு இறங்கிவிட்டார்!

ஆக, அவருக்கும் நம்மைப் போன்ற ஞாபகசக்திதான். ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை என்பதை அவர் ஒரே கொத்தாகப் பார்க்கிறார். அது பல ஆண்டுகள் ஆடி ஆடிச் சேர்த்த சொத்து. நம் சர்க்யூட்டும் அப்படித்தான். வைர வடிவில் நாலு டயோடு இருந்தால் சீனியருக்கு அது 'பிரிட்ஜ் ரெக்டிஃபையர்'. ஜூனியருக்கோ நாலு டயோடு, எட்டு முனை, ஒரு தலைவலி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பாடத்தில் சில கணக்குகளை முழுக்கப் போட்டுக் காட்டுங்கள். பிறகு பயிற்சிக் கணக்குகளைக் கலந்து கொடுங்கள். ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைக் கன அளவுக் கணக்குகளை வகைவாரியாகப் போட்ட கல்லூரி மாணவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63! கலந்திருந்தால்தான் 'இது எந்த வகை?' என்று மூளை தேடுகிறது. நின்றுபோன மோட்டார், 'நான் ஐந்தாம் அத்தியாயம்' என்று எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறது?

நண்பர்களே, நீங்கள் பணியில் சந்தித்த ஒரு பழுதை ஆண்டுக்கொருமுறை நம் துறைக்கு எழுதி அனுப்புங்கள். அறிகுறிகளை முதலில் எழுதுங்கள். காரணத்தைத் தனி உறையில் போடுங்கள். மாணவர்கள் தேடட்டும்.

தம்பி, தங்கைகளே, 'மூளை இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்னும் போதிய ஆட்டங்கள் ஆடவில்லை, அவ்வளவுதான்.