சுவரில் ஊறிய வண்ணம்



விக்டோரியா காலத்து ஆங்கிலத் தேவாலயங்கள் என்றதும் 'கோதிக் மறுமலர்ச்சி' என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெயர் பிழையன்று, ஆனால் அந்தப் பெயரோடு நம் பார்வையும் நின்றுவிடுகிறது. எந்தப் பாணி என்று கேட்கும் முன்னர், இந்தச் சுவர் எதனால் ஆனது என்று கேட்போம். இக்கருத்தரங்கின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

சான்றுக்கு லண்டன் மார்கரெட் தெருவிலுள்ள ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தை எடுத்துக்கொள்கிறேன். இடைக்கால வழிபாட்டு மரபை மீட்க 1839இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் கேம்டன் கழகம், பின்னர் எக்லீசியாலஜிக்கல் சொசைட்டி என்று பெயர் மாறியது. அந்தச் சங்கத்தார் ஒரு முன்மாதிரியாக எழுப்ப விரும்பிய கோயில் இது. வடிவமைத்தவர் வில்லியம் பட்டர்ஃபீல்டு. 1850இல் அடிக்கல் நாட்டி, 1859இல் அர்ச்சித்தார்கள்.

மனையோ ஏறத்தாழ 100 அடிச் சதுரம். தேவாலயம், குருமார் இல்லம், பாடகர் பள்ளி மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். பட்டர்ஃபீல்டு தேவாலயத்தைப் பின்னுக்குத் தள்ளினார். மற்ற இரண்டையும் தெருவோரம் இருபுறமும் நிறுத்தினார். நடுவே சிறு முற்றம் விட்டார். தரையில் கிடைக்காத இடத்தை வானத்தில் எடுத்துக்கொண்டார்: கூம்புக் கோபுரத்தின் உயரம் 227 அடி.

அந்த முற்றத்தில் நின்று சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிவப்புச் செங்கல்லின் ஊடே கருஞ்செங்கல் பட்டைகளும் கோலங்களும் ஓடுகின்றன. சுண்ணாம்போ வர்ணமோ பூசிய கோலமல்ல. அடுக்கும்போதே கொத்தனார் கையில் பிறந்த கோலம். கட்டடத்துக்குரிய வண்ணம் கல்லின் இயற்கை வண்ணமே என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849இல் எழுதியிருந்தார். கோதிக் கோயில் என்றால் கருங்கல்லும் வெண்கல்லுமே என்று எண்ணிய தலைமுறைக்கு, பட்டர்ஃபீல்டு செங்கல்லிலேயே அந்த வழியைக் காட்டினார்.

உள்ளே மெருகேற்றிய சிவப்புக் கிரானைட் தூண்கள். வளைவுகளுக்கு மேலே பளிங்கும் ஓடும் பதித்த வேலைப்பாடு. பலிபீடப் பகுதியில் வில்லியம் டைஸ் தீட்டிய சுவரோவியங்கள் ஈரத்தாலும் நகரத்துப் புகையாலும் சிதைந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நினியன் காம்பர் அவற்றைப் பலகைகளில் மறுபடி தீட்டிப் பொருத்த நேர்ந்தது. வடக்குச் சுவரிலோ 1873இல் சூளையில் சுட்ட ஓடுகளில் அமைத்த விவிலியக் காட்சிகள் இன்றும் நிற்கின்றன. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதி: மேலே பூசியது உதிர்ந்தது, நெருப்பில் வெந்தது நிலைத்தது.

இந்த வேறுபாட்டைப் பாணியின் பெயர் நமக்குச் சொல்லாது. சூளையும் சாந்தும் ஈரமும் சொல்லும். கட்டுரை வழங்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்கள் தம் வரைபடங்களோடு கொத்தனாரின் கையையும் அவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, இக்கருத்தரங்கை மகிழ்வுடன் தொடங்கிவைக்கிறேன்.