முதலில் கேளுங்கள், பிறகு பிரசங்கியுங்கள்



வாயின் வார்த்தைக்கு வல்லமை உண்டு என்று முழங்காத பிரசங்கியார் இன்று அபூர்வம். வாயால் அறிக்கை செய்தால் வீடு வரும், வேலை வரும், வெளிநாட்டு விசா வரும் என்கிறார்கள். கன்வென்ஷன் பந்தலில் ஒலிபெருக்கி ஊரையே எழுப்புகிறது. கத்தோலிக்கக் கோயிலானாலும், சி.எஸ்.ஐ. ஆலயமானாலும், பெந்தெகொஸ்தே சபையானாலும் ஒருவர் பேசுகிறார், ஐந்நூறு பேர் கேட்கிறார்கள். அந்த ஐந்நூறு பேர் வாய் திறந்து, அந்த ஒருவர் காது கொடுக்கும் நேரம் எது? ஆராதனை அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

வார்த்தைக்கு வல்லமை இல்லை என்று இந்த மேடை சொல்லவில்லை. நாபோத்தின் கதை உங்களுக்குத் தெரியும். அவன் திராட்சைத் தோட்டத்தின் மேல் ராஜா ஆகாபுக்கு ஆசை வந்தது. ராணி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். அவர்கள் சொன்ன சொல்லால் நாபோத் கல்லடிபட்டுச் செத்தான், நிலம் அரண்மனைக்குப் போனது. தீர்க்கதரிசி எலியா போய் ராஜாவின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னான். நிலத்தைப் பறித்ததும் சொல்தான், பறித்தவனைத் தட்டிக் கேட்டதும் சொல்தான். நம் சபைகளின் சொல் இதில் எந்தப் பக்கம்?

பதிலைத் தேடி எருசலேமுக்குப் போக வேண்டாம். செங்கல்பட்டிலேயே இருக்கிறது.

1880-களில் இந்த ஜில்லாவின் நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. உழைத்தவர்கள் பறையர் மக்கள். சேரியில் குடிசை நின்ற மண்கூட மிராசுதாருடையது என்றே உரிமை கொண்டாடப்பட்டது. படியாள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகத் துணிந்தாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, ஞானஸ்நானம் பெற்றாலோ, குடியிருப்பைக் காலி செய் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே தலைமுறைகள் வாய் மூடிக் கிடந்தன.

அந்த மக்கள் மிஷன் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் வேதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நிலத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசினார்கள். பல மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை. சோற்றுக்கு வருகிறவர்கள், ஆத்தும தாகம் இல்லாதவர்கள் என்று முகம் சுளித்தார்கள். ஆனால் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் காதைத் திறந்து வைத்தார்கள். சேரியில் கேட்டதை அதிகாரிகள் படிக்கும்படி எழுதினார்கள், பேசினார்கள். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் இன்றும் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது ஆண்ட்ரூ காலத்தில் நிலமில்லாதவர்களைக் குடியேற்றிய இடம்.

அந்தக் குரல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் வரை போனது. 1891-இல் அவர் செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு நீண்ட குறிப்பு எழுதினார். தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசு உரிமை எப்படிக் குறுக்கே வந்து தடுக்கிறது, குடியிருக்கும் மனை எப்படி அவர்களுக்குச் சொந்தமில்லாமல் போகிறது, கடன் எப்படி மனிதனைக் கட்டிப்போடுகிறது என்பதெல்லாம் அரசாங்கத் தாளில் ஏறியது. அதன் விளைவுதான் 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை. இன்று பஞ்சமி நிலம் என்று எல்லோரும் சொல்வது அந்த ஆணைப்படி கொடுத்த நிலத்தைத்தான். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வெளியே கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு சென்னை மாகாணமெங்கும் லட்சக்கணக்கான ஏக்கர் கொடுக்கப்பட்டது.

எல்லாம் மிஷனரிகள் போட்ட பிச்சை என்று யாரும் மார்தட்ட வேண்டாம்! அந்த மக்கள் தாங்களே பேசினார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். உரக்கப் பேச எந்தச் சபையின் அனுமதியும் அவருக்குத் தேவைப்படவில்லை. பேசியவர்கள் அவர்கள். மிஷனரிகளுக்குச் சேர வேண்டிய பெருமை, கேட்டதும் கேட்டதை எடுத்துச் சொன்னதும் மட்டுமே. ஆனால் அது சின்னக் காரியம் அல்ல, அவையோரே.

நூறு வருஷம் கழிந்தது. கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், மற்றவர் பெயர் திருப்பதிப் பெருமாளின் பெயர். தோட்டா அதைப் பார்க்கவில்லை. இந்த மாவட்டத்தின் பிரசங்க பீடங்களில் அந்த இரண்டு பெயர்கள் எத்தனை முறை உச்சரிக்கப்பட்டன? சேசுசபைக் குருவும் வழக்கறிஞருமான யேசுமரியான் போன்றவர்கள் செங்கல்பட்டில் இருந்துகொண்டு இந்த நிலங்களுக்காக மன்றாடுகிறார்கள். அவர்களைப் பாராட்டலாம். ஆனால் அது யாரோ சில சாமியார்களின் தனி வேலை, சபையின் வேலை இல்லை என்று ஒதுக்கி வைத்ததுதான் பெரும் பாவம்.

அறுத்தவனுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். ஆண்டவருக்கு எட்டியது ஆலயக் கமிட்டிக்கு எட்டவில்லையா? எரிகோ வழியில் பர்திமேயு கூப்பிட்டபோது சும்மா இரு என்று அதட்டியது கூட இருந்த கூட்டம். இயேசு நின்றார், அழைத்தார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் குருடன் என்பது கண்ணுக்கே தெரிந்தது. இருந்தும் அவன் வாயால் அவன் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்! கேட்கும் திருச்சபை வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2021 முதல் 2024 வரை மாமன்றமே நடத்தினார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கையில், சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. காகிதத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. பங்கு அளவில் யார் யாரிடம் போய் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதே இந்த மேடையின் கேள்வி.

ஆகவே குருமார்களுக்கும் பாஸ்டர்களுக்கும் இந்த மேடையின் வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்க நேரத்தை மக்களிடம் விடுங்கள். படகு வைத்திருப்பவரும், செங்கல் சூளையில் வேலை செய்யும் அம்மாவும் பேசட்டும். நீங்கள் கீழே உட்காருங்கள். நிலப் பிரச்சினை வந்தால் ஜெபக் குறிப்பில் எழுதி முடித்துவிடாதீர்கள். சபையில் வக்கீல் இருப்பார், ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. இருப்பார். அவர்களைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பழைய ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் பஞ்சமி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே அடுத்த ஞாயிறு பீடத்தில் ஏறி, ஊர் பெயரும் சர்வே எண்ணும் சேர்த்து, மைக் வைத்துச் சொல்லுங்கள்.