பாட்டுக்குப் பட்டா உண்டா?

நிலத்துக்குப் பட்டா உண்டு, பாட்டுக்கு உண்டா? உண்டு என்கிறது சட்டம். 1921-ல் பாரதி மறைந்தார். பிறகு அவர் பாட்டுகளை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பாடும் உரிமை முதலாளிகளிடம் கைமாறியது.

நாம் கேட்கிறோம்: நெல்லை ஒருவன் அள்ளிப் போனால் உழுதவன் வீட்டில் அடுப்பு எரியாது. பாட்டை ஆயிரம் பேர் பாடினால் என்ன குறையும்? எழுதியவருக்குக் கூலி வேண்டும். அது உழைப்பின் உரிமை. விலைக்கு வாங்கியவன் வேலி போடுவதோ வெறும் சொத்துரிமை. முன்னதைக் காப்போம், பின்னதை ஏற்கமாட்டோம்.

எழுத்தாளர்களும் கலைஞர்களும் திரண்டு கேட்டார்கள். 1949-ல் சென்னை அரசு பாரதி பாடல்களின் உரிமையைப் பெற்றது. 1955-ல் மக்களுக்கே பொதுவாக்கியது. வேலி விழுந்தது, பாட்டு வளர்ந்தது!

பொதுவாக மற்ற எழுத்துக்கு, எழுதியவர் இறந்தபின்னும் 60 ஆண்டு வேலி நிற்கிறது. அந்த வேலி யாருக்காக? கேட்போம், தோழர்களே!