நற்செய்தி நூல்கள் காட்டும் பணித் தொடக்கம்
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொடக்கம்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இருபத்தைந்து ஆண்டு நிறைந்த சங்கம் தன் தொடக்கத்தைத் திரும்பிப் பார்ப்பது இயல்பே. அந்த வரலாற்றை என்னினும் நன்கறிந்த மூத்தவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொரு தொடக்கம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், உரோமைப் பேரரசின் ஓரத்தில், கலிலேயா என்னும் சிறு நாட்டில் இயேசு தம் பணியைத் தொடங்கினார். அதனை நான்கு நற்செய்தி நூல்களும் எவ்வாறு காட்டுகின்றன என்பதே என் பொருள். இதனைச் சமயப் பேச்சாகக் கொள்ள வேண்டா. கோயிலுக்குப் போகிறவர்களும், தேவாலயத்திற்குப் போகிறவர்களும், விகாரைக்குப் போகிறவர்களும், எங்கும் போகாதவர்களும் இவ்வவையில் இருக்கிறீர்கள். ஒரு பணி எங்கே, யாரிடையே, என்ன சொல்லித் தொடங்கிற்று என்பதை எவரும் படிக்கலாம். படித்தபின் ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் உரிமை.

நான்கு நூல்களும் தொடக்கத்தை ஒரே வகையில் சொல்லவில்லை. மாற்கு எழுதியது கி.பி. 70ஐ ஒட்டியது, மத்தேயுவும் லூக்காவும் அதன்பின் ஓரிரு பத்தாண்டுகளில் எழுதப்பட்டவை, யோவான் அந்நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. அறிஞர் பெரும்பாலோர் கொள்கை இதுவே. மாற்கில் மக்கள் முன் நிகழும் முதல் அருஞ்செயல் கப்பர்நகூம் ஊரின் தொழுகைக்கூடத்தில் நடக்கிறது. தீய ஆவியால் துன்புற்ற ஒருவன் நலம் பெறுகிறான். மத்தேயுவில் மலைமேல் அமர்ந்து ஆற்றிய நீண்ட பேருரை முன்னே நிற்கிறது. லூக்காவில் சொந்த ஊரில் ஏடு வாசித்தல். யோவானில் கானா ஊர்த் திருமண வீடு. இவ்வேறுபாட்டைக் குறையென்பார் உளர். முப்பதாண்டு விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்கு மாணவர் எழுத்துப் பிசகாமல் ஒரே விடையை எழுதியிருந்தால் ஆசிரியருக்கு எழுவது மகிழ்ச்சியன்று, ஐயமே. மத்தேயுவும் லூக்காவும் மாற்கைப் பார்த்து எழுதியவர்கள் என்பதும் உண்மைதான். ஆயினும் பார்த்து எழுதும்போதும் தத்தம் நெஞ்சில் பட்டதை அவர்கள் முன்னே வைத்தார்கள். எதை முன்னே வைத்தார்கள் என்பதில்தான் சுவை இருக்கிறது.

மாற்கு தம் நூலின் முதல் அடியிலேயே இது நற்செய்தியின் தொடக்கம் என்கிறார். "நற்செய்தி" என்பது அன்று கோயிற்சொல் மட்டும் அன்று, அரசவைச் சொல். பேரரசர் அகஸ்துவின் பிறந்த நாளே உலகிற்கு நற்செய்தி தொடங்கிய நாள் என்னும் கருத்துப்பட கி.மு. 9இல் பொறித்த கல்வெட்டு ஆசியா மைனரில் பிரியேனே நகரில் கிடைத்துள்ளது. பேரரசருக்குச் சூட்டிய அச்சொல்லை மாற்கு ஒரு சிற்றூர்த் தச்சருக்குச் சூட்டுகிறார். இதைத் துணிவு என்றே நான் கருதுகிறேன்.

லூக்காவின் முறை வேறு. அவர் வரலாற்றாசிரியர் நடையில் தொடங்குகிறார். பேரரசர் திபேரியு ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு என்று காலம் குறிக்கிறார், அது கி.பி. 28 அல்லது 29 ஆகலாம். ஆளுநர் பொந்தியு பிலாத்து, கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா, அவன் உடன்பிறந்தான் பிலிப்பு, லிசானியா, தலைமைக் குருக்கள் அன்னா, கயபா எனப் பேரரசரோடு சேர்த்து எழுவர் பெயரை வரிசையாக அடுக்குகிறார். கேட்போர் அடுத்து ஓர் அரண்மனைச் செய்தியை எதிர்பார்ப்பர். ஆனால் இறைவாக்கு அவ்வெழுவரில் ஒருவருக்கும் வரவில்லை. பாலைநிலத்தில் இருந்த யோவானுக்கு வந்தது என்று முடிக்கிறார். மாணவர்களே, ஒரே வாக்கியத்தில் ஏழு அதிகாரங்களையும் காலக்குறிப்பாக மட்டும் பயன்படுத்திவிட்டு அப்பால் நடந்துவிடும் இந்த உரைநடையை நீங்கள் ஒருமுறை நூலிலேயே படிக்க வேண்டும்.

அந்த யோவானை ஏரோது அந்திப்பா சிறையில் அடைத்தான். அதன் பின்னரே இயேசு கலிலேயாவிற்கு வந்து பேசத் தொடங்கினார் என்று மாற்கும் மத்தேயுவும் கூறுவர். நான்காம் நூலோ, யோவான் சிறைப்படுமுன்பே இருவரும் ஒரே காலத்தில் பணி செய்தனர் என்கிறது. இவற்றை இணைப்பது அறிஞர் வேலை. நான் கருதுவது ஒன்று. கலிலேயா அந்த அந்திப்பாவின் ஆட்சிக்குட்பட்ட நிலமே. முன்னவரைச் சிறைப்படுத்தியவனின் நாட்டிலேயே பின்னவர் பணியைத் தொடங்குகிறார்.

அந்நாட்டில் பெருநகரங்கள் இல்லாமலில்லை. நாசரேத்தூரிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் செப்போரி நகரை அந்திப்பா புதுக்கிக் கட்டினான், கி.பி. 20ஐ ஒட்டி ஏரிக்கரையில் திபேரியா நகரை எழுப்பினான். இவ்விரு நகரங்களிலும் இயேசு நுழைந்ததாக நான்கு நூல்களிலும் ஒரு செய்தியும் இல்லை. அவர் போனது கப்பர்நகூம், மீனவர் ஊர். முதலில் அழைத்தது சீமோன், அந்திரேயா, செபெதேயுவின் மக்கள் யாக்கோபு, யோவான் ஆகிய நால்வரை. மீனவர் என்றதும் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. செபெதேயுவிடம் கூலியாட்கள் இருந்தனர் என்று மாற்கு குறிக்கிறார். எனினும் அத்தொழிலின் நிலையை அறிய நமக்கு ஒரு சான்று கிடைத்துள்ளது. 1986இல் வறட்சியால் கலிலேயா ஏரியின் நீர் வற்றியபோது, சேற்றில் புதைந்த அக்காலப் படகொன்றை மீனவச் சகோதரர் இருவர் கண்டனர். நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். அதில் பன்னிரண்டு வகை மரங்கள் இருந்தன. பழைய பலகைகளை எடுத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே அப்படகை ஓட்டியிருக்கிறார்கள். புதுப்பலகை வாங்க வழியற்றவன் கைத்திறத்தால் மிதக்க வைத்த படகு அது.

மாற்கின் முதல் அதிகாரம் ஒரு தொழுநோயாளியோடு முடிகிறது. அக்காலத்தில் பலவகைத் தோல் நோய்களையும் அப்பெயராலேயே அழைத்தனர். அத்தகையோன் குடியிருப்பிற்கு வெளியே தனித்து வாழ வேண்டும். எதிரே ஆள் வந்தால் தான் தீட்டானவன் என்று தானே குரல் கொடுக்க வேண்டும். லேவியர் நூலின் சட்டம் அது. அவன் அருகில் வந்து மண்டியிடுகிறான். இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகிறார். நலமாக்க ஒரு சொல் போதுமாயிருக்கத் தொட்டது ஏன் என்று உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். "தொட்டார்" என்னும் வினைச்சொல்லின் எடை இந்த அவைக்குத் தெரியும்; நான் விளக்குவது மிகை. ஆனால் பலர் கவனியாது விடுவது அதற்கடுத்த செய்தி. நலம் பெற்றவன் ஊர்தோறும் சென்று அதைப் பரப்புகிறான். கூட்டம் பெருகியதால் இயேசு எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழைய இயலாமல் ஆளற்ற இடங்களில் தங்க நேர்கிறது. வெளியே நின்றவன் ஊருக்குள் போனான். தொட்டவர் வெளியே நின்றார். பணி தொடங்கிய முதல் அதிகாரத்திலேயே அதன் விலையையும் மாற்கு எழுதிவிடுகிறார்.

யோவான் கூறும் கானா ஊர் நிகழ்ச்சியை விரிக்க நேரமில்லை. திருமண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோகிறது. தீட்டுக் கழிக்கும் சடங்கிற்காக வைத்திருந்த ஆறு கற்சாடிகளின் நீர் இரசமாகிறது. அது எங்கிருந்து வந்ததென்று பந்தி மேற்பார்வையாளனுக்குத் தெரியவில்லை, நீர் மொண்ட வேலையாட்களுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் இடையில் ஒரு குறிப்பு வைக்கிறார். அதனை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி நாசரேத்தூர். அகழ்வாராய்ச்சியாளர் கணிப்பில் சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். பழைய ஏற்பாட்டில் அதன் பெயரே இல்லை. அங்கிருந்து நன்மை ஏதும் வரக்கூடுமோ என்று நாத்தான்வேல் கேட்டதாக யோவான் எழுதுகிறார். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் ஆளை அளந்துவிடும் பழக்கம் எந்த நாட்டிற்கும் புதிதன்று. மாற்கும் மத்தேயுவும் இவ்வூர் நிகழ்ச்சியைப் பிற்பகுதியில்தான் வைத்தனர். லூக்காவோ எடுத்து முதலில் வைத்தார். கப்பர்நகூமில் முன்பே செய்தவை பற்றி அவ்வூரார் கேட்பர் என்னும் ஒரு பேச்சு அவர் நூலிலேயே இடையில் வந்துவிடுகிறது. ஆகவே, காலமுறை பிறழ்வதை அறிந்தே முன்வைத்தார் என்று எண்ணுகிறேன்.

ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் ஏசாயா என்னும் இறைவாக்கினரின் சுருளேடு அவர் கையில் தரப்படுகிறது. ஏசாயா நூலின் பழஞ்சுவடியொன்று 1947இல் சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்தது. அதன் நீளம் ஏழு மீட்டருக்கும் மேல். பக்க எண் இல்லை, அதிகார எண்ணும் இல்லை. அவர் வாசித்த பகுதி இன்றைய கணக்கில் அறுபத்தாறு அதிகாரங்களுள் அறுபத்தொன்றாவது. ஏட்டை விரித்து அவ்விடத்தைக் கண்டார் என்று லூக்கா எளிதாகச் சொல்லிவிடுகிறார். பழகிய கையும் தேர்ந்த கண்ணும் இல்லாதவன் அவ்வளவு நீளச் சுருளில் ஓரிடத்தைக் காண இயலாது. எழுத்தறிவு மிகச் சிலர்க்கே வாய்த்த காலத்தில், தச்சர் வீட்டிலிருந்து வந்த ஒருவர் ஊரார் நடுவே எழுந்து நின்று வாசிக்கிறார். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு நான்கு நூல்களிலும் மிக விருப்பமான காட்சி இது.

வாசித்தது என்ன? ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் விடுதலை, பார்வையற்றோர்க்குப் பார்வை, அருள் ஆண்டின் அறிவிப்பு. ஏசாயாவில் அதனையடுத்துப் பழிவாங்கும் நாள் பற்றிய தொடர் வருகிறது. அங்கே போகாமல் நிறுத்தி, ஏட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு அமர்கிறார். அந்த அருள் ஆண்டை லேவியர் நூலின் ஐம்பதாம் ஆண்டோடு அறிஞர் பலர் இணைப்பர். கைமாறிய நிலம் உரிய குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும், கடனால் அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்ப வேண்டும் என்பது அவ்வாண்டின் சட்டம். ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி அதனை அறிவிப்பர். அக்கொம்பின் எபிரெயப் பெயரான யோபேல் என்பதிலிருந்தே ஜூபிலி என்னும் சொல் பிறந்தது. ஆகவே இப்பந்தலின் முகப்பில் எழுதியிருக்கும் வெள்ளி விழா என்பதற்கும் அச்சொல்லிற்கும் உறவு உண்டு. 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போயிற்று என்று வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நிலம் திரும்புதல் என்பதன் பொருளையும் நான் சொல்ல வேண்டுவதில்லை.

வாசித்த அது இன்றே நிறைவேறிற்று என்றார். கேட்டோர் வியந்தனர், வியந்த வாயாலேயே, இவன் யோசேப்பின் மகன் அல்லவா என்றனர். மாற்கில் இக்கேள்வி, இவன் தச்சன் அல்லவா என்றிருக்கிறது. மத்தேயுவில் தச்சனின் மகன் என்றாகிறது. லூக்காவில் தொழிற்பெயர் மறைந்து தந்தையின் பெயர் மட்டும் நிற்கிறது. அடுத்தடுத்து எழுதியவர்களுக்கு அச்சொல் கூசியிருக்கலாம் என்பது என் எண்ணம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்னும் கட்டத்தை நிரப்பும்போது குரல் தாழ்ந்த பெற்றோரை நான் எத்தனையோ பேர் கண்டிருக்கிறேன். மாற்கு அந்தக் கட்டத்தை அழிக்கவில்லை. தச்சர் என்றே எழுதிவைத்தார்.

ஆயினும் ஊரார் சினந்தது இதற்காகவன்று. சீதோன் நாட்டுச் சாரிபாத்தூர்க் கைம்பெண்ணிடம் எலியா அனுப்பப்பட்டார். சீரியனாகிய நாமானை எலிசா நலமாக்கினார். அன்று இசுரயேலிலும் கைம்பெண்கள் இருந்தனர், தொழுநோயாளர் இருந்தனர் என்று அவர் நினைவூட்டியபோதுதான் கூட்டம் கொதித்தது. நன்மை தம் ஊருக்கும் தம் இனத்திற்கும் மட்டும் உரியதன்று என்று கேட்க அவர்கள் ஆயத்தமாக இல்லை. ஒடுக்கப்பட்ட சிற்றூரே அவ்வாறு சினந்தது என்பதை மறவாதீர்கள். நாளைப் பொதுக்குழுவில் நம் விடுதிச் சேர்க்கை விதி பற்றிய தீர்மானம் வரவிருக்கிறது. துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்தும் இருளர் குடிசைகளிலிருந்தும் பிள்ளைகள் இடம் கேட்டு வந்திருக்கிறார்கள். நம்மவர்க்கே இடம் போதவில்லையே என்னும் முணுமுணுப்பும் என் காதில் விழுந்தது. இடநெருக்கடி மெய், நானும் அவ்வறைகளைப் பார்த்தேன். இருப்பினும் கதவைத் திறந்துவைக்கவே நான் கையுயர்த்துவேன் என்பதை மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுக் கருத்துடைய பெரியோர் நாளை மறுத்துரைக்கட்டும், கேட்கக் காத்திருக்கிறேன்.

நாசரேத்தூரார் அவரை ஊர் அமைந்திருந்த மலையின் விளிம்பிற்கு இழுத்துச் சென்றனர், கீழே தள்ளிவிட. அவர் அவர்கள் நடுவே நடந்து போய்விட்டார். எப்படிப் போனார் என்று லூக்கா விளக்கவில்லை. அடுத்த வரியில் அவர் கப்பர்நகூமுக்கு இறங்கிச் சென்று, அங்கே ஓய்வுநாளில் மக்களுக்குப் போதித்துக்கொண்டிருக்கிறார்.