உப்பை விடாத சிறுநீரகம்



“பிரஷர் எங்க குடும்பத்துல எல்லாருக்கும் உண்டு டாக்டர்” என்று சொல்லாத நோயாளி குறைவு. அவர்கள் சொல்வது உண்மைதான். தலைமுறை தாண்டி வரும் அந்த நோய் உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பதே இன்றைய பேச்சு. அதன் முதன்மையான இருப்பிடங்களில் ஒன்று சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பும் குழாய்க்குள் இறங்குகிறது. அதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் இருக்கும் அந்தச் சிறு பங்கில் கொஞ்சம் பிசகினாலும் உப்பு உடம்பில் தங்கும், நீர் சேரும், அழுத்தம் ஏறும்.

1963இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கிராண்ட் லிடில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அதில் ஒரு பதின்வயதுப் பெண், கடுமையான ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு. உப்பை உடம்பில் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோன் மிகுந்தவர்களிடம் காணும் அறிகுறிகள் இவை. ஆனால் அவளுக்கு அந்த ஹார்மோன் சுரப்பதே அரிதாக இருந்தது. அதன் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து பலிக்கவில்லை. உப்பிலுள்ள சோடியம் நுழையும் வாயிலையே நேராக அடைக்கும் ட்ரையாம்டெரீன் பலித்தது. கோளாறு சிறுநீரகத்திலேயே இருக்கிறது என்று லிடில் முடிவு செய்தார். மரபணுவைப் படிக்க வழியே இல்லாத காலத்தில், இரண்டு மாத்திரைகளின் விளைவை ஒப்பிட்டு அவர் எட்டிய முடிவு இது. மாணவர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

பின்னாளில் அந்தப் பெண்ணின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அழுத்தம் இறங்கியது, பொட்டாசியமும் சீரானது. உடம்பின் மற்றச் செல்களில் எல்லாம் அதே மரபணுதான் இருந்தது. மாறியது சிறுநீரகம் மட்டுமே.

1994இல் மரபியலாளர் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் அந்தக் குடும்பத்தின் மரபணுப் பிழையையே கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்லின் மேற்பரப்பில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு புரத வாயில் உண்டு. வேலை முடிந்ததும் அதன் வால்பகுதியைப் பிடித்து உள்ளிழுத்து அழிக்க வேறொரு புரதம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தாரிடம் அந்த வால் அறுந்திருந்தது. பிடிக்க இடமில்லை, வாயில்கள் மேற்பரப்பிலேயே குவிந்து உப்பை ஓயாமல் உள்ளே இழுத்தன.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 2008இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற நீண்டகால இதய ஆய்வில் பங்கேற்றவர்களின் மரபணுக்களைப் பார்த்தபோது, உப்பைத் திரும்ப எடுக்கும் மரபணுக்களில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு அழுத்தம் குறைவாகவே இருந்தது.

சாதாரண உயர் ரத்த அழுத்தத்தில் இப்படி ஒரே பிழை இருப்பதில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுதியில் 901 இடங்களைச் சுட்டியது. அவற்றில் பல ரத்தக்குழாய்ச் சுவரைச் சார்ந்தவை. சில சிறுநீரகத்தைச் சார்ந்தவை. சிறுநீரகச் செல்கள் சுரக்கும் யூரோமோடுலின் என்ற புரதத்தின் அளவைக் கூட்டும் மரபு வடிவம் அவற்றுள் ஒன்று. அந்தப் புரதம் மிகுந்தால் உப்பு மீள்வதும் மிகும். ஒவ்வொரு வேறுபாடும் ஏற்றுவது மிகச் சிறிய அளவே. பல சேர்ந்தால்தான் சுமை. இந்தச் சுமையோடு பிறந்தவருக்கும் உணவில் உப்பைக் குறைத்தால் பலன் உண்டு. ஆகவே “பரம்பரை வியாதி, என்ன செய்வது” என்று கைவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இளம் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருபது வயதில் ஒருவர் உயர் அழுத்தத்தோடு வந்தால் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மறுபடியும் அளந்து பாருங்கள். பொட்டாசியத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஆல்டோஸ்டீரோனையும் அதன் சுரப்பைத் தூண்டும் ரெனினையும் பாருங்கள். உடன்பிறந்தாரையும் பெற்றோரையும் வரச்சொல்லி அவர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதி வையுங்கள்.